பிறர் பொருள்

ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை அரசாங்கம் ஏற்பதாக 1956 ஜனவரி 19ஆம் நாள் நிதியமைச்சர் தேஷ்முக் வானொலியில்தான் அறிவித்தார். 245 நிறுவனங்கள் ஒன்றுபட்டு, செப்டம்பரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது.

ஆயினும் உடைமை மாறியதால் மட்டும் ஒழுங்கு நிலைத்துவிடவில்லை. 1957 ஜூனில், முதலீட்டுக் குழுவைக் கலவாமலே, முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளில் சுமார் 1.25 கோடி ரூபாய் இடப்பட்டது. டில்லிப் பாராளுமன்றத்தில் பெரோஸ் காந்தி வினவினார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார்.

இன்று தனியார் நிறுவனங்களும் பல. ஏஜெண்டுகளுக்குத் தேர்வும் உண்டு. கணக்கறிவும் சட்ட அறிவும் தொழிலில் உயர்வு தரும். அவற்றிற்கு ஆணிவேர், ‘இது பிறர் பொருள்’ என்னும் அச்சமே. ஊர்விட்டு வந்து பிரீமியம் கட்டும் நாமும், படிவத்தில் கையெழுத்திடுமுன் படித்து வினவுவோமாக. அந்த அச்சத்தைக் காப்பது நம் வினாவே.