ஒப்பனையும் அஹிம்சையும்

(தசலக்ஷண பருவ விழாவின் மகளிர் அமர்வில் ஆற்றப்பெற்ற உரை)

 

பத்து அறங்களைப் பற்றிப் பெரியோர்கள் விளக்கிவரும் இம்மேடையில், முகப்பூச்சையும் தலைச்சாயத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது அறவிழாவிற்குப் பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். இன்று உத்தம சம்யமத்திற்குரிய நாள். புலனடக்கமும் உயிர்க்காப்புமே சம்யமத்தின் இரு கூறுகள். நாம் நாள்தோறும் உடலில் பூசுகின்ற பொருள்கள் இவ்விரண்டையும் தொடுகின்றன.

இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் போகோபபோக பரிமாணம் என்பது ஒன்று. நம் வீடுகளில் ஓதப்பெறும் அருங்கலச்செப்பு போன்ற ஒழுக்க நூல்கள் வழியாக இதனை அறிந்திருக்கிறோம். ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்வது போகம். மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். உணவு, மலர், நறுமணப் பூச்சு யாவும் போகத்தில் அடங்கும். உணவின் வரம்பினை நாம் இன்றளவும் காக்கிறோம். இரவுணவை விலக்குகிறோம், நீரை வடிகட்டுகிறோம், கிழங்கைத் தள்ளுகிறோம். ஆனால் பூச்சுப் பொருளுக்கு அந்த ஆராய்ச்சி இல்லை. விளம்பரம் சொல்வதை வாங்கிக் குளியலறையில் அடுக்கிவிடுகிறோம்.

ஒரு பொருளை வாங்குமுன் இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். இது எவ்வுயிரிடமிருந்து வந்தது? இது எவ்வுயிருக்குத் தீங்கு செய்யும்? முதல் வினாவை நம்மில் பலர் கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு.

எங்கிருந்து வந்தது?

உதட்டுச் சாயத்தின் செந்நிறத்திற்குக் கார்மைன் என்னும் பொருள் பயன்படுகிறது. அது கோச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தி எடுக்கும் சாயம். பெட்டியின் மேல் அது ‘சி.ஐ. 75470’ என்ற எண்ணாக மட்டும் நிற்பதும் உண்டு. நகப்பூச்சிலும் முடித்தெளிப்பிலும் சேரும் ஷெல்லாக், அரக்குப் பூச்சியின் சுரப்பு. ஒளிரும் பூச்சுகளில் உள்ள குவானின், மீன் செதிலிலிருந்து எடுக்கப்படலாம். சோடியம் டாலோவேட் என்று சோப்பு உறையில் கண்டால் அது விலங்குக் கொழுப்பு. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், கொழுப்பிலிருந்தும் வரும். பெயரைக் கொண்டு பிரித்தறிய இயலாது. ‘இயற்கைப் பொருள்’ என்று விற்கப்படுபவற்றிலும் தேனும் தேன்மெழுகும் இருப்பதை மறக்கலாகாது.

இத்துறையில் ஒரு நற்செய்தியும் உண்டு. 2014-ஆம் ஆண்டில் இந்திய அரசு, அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதையும், அவ்வாறு சோதிக்கப்பெற்ற பொருள்களை இறக்குமதி செய்வதையும் தடைசெய்தது. உயிரிரக்கம் சட்டமாக வடிவெடுத்தது நமக்கு மகிழ்ச்சி தருவது.

உறையில் பச்சைப்புள்ளி இருந்தால் மனநிறைவு கொள்கிறோம். அப்புள்ளி முதல் வினாவிற்கு மட்டுமே விடை. பாதரசமும் ஈயமும் கனிமங்கள். விலங்கிலிருந்து வந்தவை அல்ல. பாதரசம் கலந்த களிம்புக்கும் பச்சைப்புள்ளி பொருந்தும். ஆகவே இரண்டாவது வினாவிற்கு வருவோம்.

என்ன தீங்கு செய்யும்?

முதலில் சிவப்பழகுக் களிம்புகள். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாகத் துணைபுரியும் நொதியைப் பாதரசம் முடக்குகிறது. சில வாரங்களில் முகம் வெளுக்கிறது; பூசியவர் மகிழ்கிறார். அதே பாதரசம் தோல் வழியே குருதியில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. நரம்பு மண்டலத்தையும் அது தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோயோடு வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுள் பலர் வெளுப்புக் களிம்பு பூசிவந்தவர்கள் என்பதைக் கண்டு வெளியிட்டனர். கைகால் வீக்கத்தோடு மருத்துவரிடம் செல்பவர், தாம் பூசும் களிம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதே இல்லை. இனிச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கருதுங்கள். பாதரசம் ஆவியாகக்கூடியது. தலையணை உறையிலும் துவாலையிலும் ஒட்டி, பூசாதவர்களையும் அது சேர்கிறது. தாயின் கன்னத்தில் கன்னம் வைக்கும் குழந்தைக்கும் பங்கு கிடைக்கிறது. தன் முகத்திற்குத் தானே செய்துகொள்ளும் செயல் என்று இதனை ஒதுக்க முடியாது; வீட்டிலுள்ள பிற உயிர்க்கும் இது ஹிம்சை.

மினமாட்டா உடன்படிக்கையின்படி, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020-ஆம் ஆண்டோடு நிறுத்த உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 2023-இல் அந்த வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிக்க முடிவு செய்தன. எனினும் முகவரியில்லாத களிம்புகள் கடைகளிலும் கைப்பேசி விற்பனையிலும் கிடைக்கின்றன. ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்’ என்று உறையில் எழுதியிருந்தால் எச்சரிக்கையாகுங்கள். பாதரசம் உலோகத்தோடு சேரும் இயல்பினது. கேலோமெல், மெர்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்குரி ஆகியவையும் பாதரசத்தின் பெயர்களே.

சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து உள்ளது. முதலில் முகம் தெளியும். பின் தோல் மெலிந்து, சிவந்து, பரு பெருகி, களிம்பை விட்டால் எரியும் நிலை வரும். இத்தகைய களிம்புகள் பலவற்றை 2018-இல் அரசு மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

அடுத்துத் தலைச்சாயம். கருமை தரும் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாரா-ஃபெனிலின்டையமின் என்னும் பொருள் உண்டு. பலர்க்கு அது ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வாமை கொண்டவர்க்கோ நெற்றி புண்ணாகி, கண்ணிமை வீங்கும். ஒருமுறை வந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் நிற்கும். சாயமிடுவதற்கு 48 மணி நேரம் முன்பு சிறிது எடுத்துத் தோலில் தடவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். திருமண வீடுகளில் இடப்படும் ‘கறுப்பு மருதாணி’யில் இதே பொருள் கலக்கப்படுகிறது. மருதாணி இலை செம்பழுப்பு நிறமே தரும். சில நிமிடங்களில் கறுப்பாகச் சிவக்கும் மருதாணி எந்தச் செடியிலும் விளைவதில்லை.

ஒட்டுப்பொட்டு அணிவோர்க்கு ஒரு சொல். சில பொட்டுகளின் பசையில் உள்ள பாரா-டெர்ஷியரி-பியூட்டைல் ஃபீனால் நிறமிச் செல்களை அழிக்கிறது. பொட்டிட்ட இடத்தில் அரிப்போ, வெண்மையோ தோன்றியவுடன் பொட்டை நிறுத்தித் தோல் மருத்துவரைக் காண வேண்டும். நாள் கடத்தினால் அந்த வெண்மை நிலைத்துவிடலாம்.

சுர்மா எனப்படும் அஞ்சனங்கள் சில, ஈய சல்பைடாகிய கலீனாவை அரைத்துச் செய்யப்படுபவை. குழந்தைகளின் உடலில் ஈயத்திற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆதலின் குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் தீட்ட வேண்டா. திருஷ்டிக்காக வைக்க விரும்பும் பாட்டியர், வீட்டில் செய்த மையினை உள்ளங்காலில் வைக்கலாம்.

இயற்கை எல்லாம் நல்லதா?

வேதிப்பொருள் அனைத்தும் நஞ்சு, இயற்கை அனைத்தும் அமுதம் என்று எண்ணுவதும் பிழையே. நீரும் வேதிப்பொருள்தான். ஈரமுள்ள களிம்பில் கெடாமற்காக்கும் பொருள் சேராவிட்டால் பூஞ்சையும் நுண்ணுயிரும் பெருகும். மறுபுறம், பளபளக்கும் மஞ்சளின் மேல் ஈயக் குரோமேட் பூசிய கலப்படங்கள் கண்டறியப்பட்டுள்ளன. பிறப்பிலேயே சில நொதிக்குறை உள்ள கைக்குழந்தைகளுக்கு மருதாணியும் குருதிச்சிதைவை உண்டாக்கும்.

நாள்பட்ட ஈர உணவில் உயிர்கள் தோன்றும் என்பதால் அதனை நாம் உண்பதில்லை. அந்த நெறி பூச்சுப் பொருளுக்கும் வழிகாட்டுகிறது. பொடியாக, உலர்ந்ததாக வைத்திருங்கள். வேண்டும்போது மட்டும் குழைத்து, மிஞ்சாமல் பயன்படுத்துங்கள். அப்போது கெடாமற்காக்கும் பொருளும் வேண்டியதில்லை. நுண்ணுயிர் பெருகவும் இடமில்லை.

தலைக்குச் சீயக்காயும் அரப்பும் பூந்திக்கொட்டையும் உள்ளன. உடலுக்குப் பாசிப்பயற்று மாவு, ஆவாரம்பூ, வெட்டிவேர் சேர்த்த குளியல் பொடி போதும். பூவும் வேரும் வேண்டா என்று விரதம் கொண்டவர்க்குப் பயற்று மாவு மட்டுமே போதுமானது. தோல் வறண்டால் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். நரைக்கு மருதாணிப் பொடியை முதலிலும் அவுரிப் பொடியைப் பின்னும் இட்டால் கருமை வரும். வாங்கும் பொடியில் வேறு சாயம் கலக்கவில்லை என்பதை உறையில் பாருங்கள். குங்குமத்திற்கு, நம்பகமான மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தாலே சிவப்பு வரும். புதிய பொருள் எதுவாயினும் முழங்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு நாள் பார்த்த பின்னரே முகத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.

கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உறையில் நான்கினைப் பாருங்கள்: உற்பத்தியாளரின் முழு முகவரி, உரிம எண், தயாரிப்பு நாளும் காலாவதி நாளும், சேர்பொருள் பட்டியல். வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிடினும், எத்தனை மலிவாயினும் திருப்பித் தந்துவிடுங்கள்.

களிம்பின் வேர்

இறுதியாக, மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நம் பெண்கள் வெளுப்புக் களிம்பை ஏன் நாடுகிறார்கள்? வரன் பார்க்கும்போது ‘பெண் நிறமா?’ என்று நாம் கேட்கும் கேள்வியால் அல்லவா? நம் சமுதாயம் சிறியது. பேச்சு விரைவில் பரவும். ‘கொஞ்சம் மாநிறம்தான்’ என்று ஒரு கூடத்தில் சொன்ன சொல், பதினெட்டு வயதுப் பெண்ணைக் கடைக்கு அனுப்புகிறது. களிம்பில் உள்ள பாதரசத்தைச் சட்டம் தடுக்கலாம். அந்தச் சொல்லை நாம்தான் தடுக்க வேண்டும். மனம், மொழி, மெய் மூன்றினாலும் ஹிம்சை நிகழும் என்பது ஆன்றோர் கொள்கை. நிறத்தைப் பழிப்பது மொழியால் நிகழும் ஹிம்சை.

தீர்த்தங்கரர்களைப் பொன்னிறத்தவர், வெண்ணிறத்தவர், செந்நிறத்தவர், பசுநிறத்தவர், கருநீல நிறத்தவர் என்று பல வண்ணங்களில் வைத்து வணங்கும் மரபு நம்முடையது. நேமிநாதரின் கருமை கண்டு கைகூப்பும் நாம், மருமகளின் கருமை கண்டு முகஞ்சுளிப்பது முறையா?

எனவே ஒரு சிறு நியமம் வேண்டுகிறேன். இவ்விழா முடிவதற்குள், வீட்டிலுள்ள பூச்சுப் பொருள்கள் அனைத்தையும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். இரண்டு வினாக்களையும் கேளுங்கள். விடை தெரியாதவற்றை விலக்குங்கள். எஞ்சியவற்றை எண்ணி, ‘இத்தனைக்கு மேல் வேண்டா’ என்று வரையறை செய்துகொள்ளுங்கள். அதுவே போகோபபோக பரிமாணம். வரும் ஓராண்டில் எந்தப் பெண்ணின் நிறத்தைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்ற விரதத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

 வாழ்க அறம்! வளர்க அஹிம்சை! ஜெய் ஜினேந்திரா.