எதிர்ப்பு இருக்கட்டும், இழிசொல் வேண்டாம்

(மும்பையில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எந்தக் கட்சி நல்ல கட்சி என்று பேசுவதற்காக நாம் இன்று கூடவில்லை. கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பற்றிச் சிந்திக்கக் கூடியிருக்கிறோம். இது படித்தவர்கள் கவலைப்பட வேண்டிய நாகரிகப் பிரச்சினை, உழைத்துப் பிழைக்கும் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் அது முதல் பிரச்சினை! மேடையில் வீசப்படும் இழிசொல் மேடையோடு நிற்பதில்லை. இறங்கி வந்து, பிழைக்க வந்தவன் முதுகில்தான் விழுகிறது.

இந்த நகரமே அதற்குச் சாட்சி. 1966-இல் பம்பாயில் சிவசேனை தொடங்கியபோது, மண்ணின் மைந்தர்களுக்கு வேலை வேண்டும் என்றார்கள். வேலை கேட்பது குற்றமல்ல. அதைப் பற்றி நேருக்கு நேர் வாதாடியிருக்கலாம். ஆனால் பேச்சு வேலையோடு நிற்கவில்லை. நாம் உடுத்தும் லுங்கியைக் கேலி செய்வதே முழக்கமாயிற்று. முழக்கத்தின் பின்னாலேயே கல்லும் வந்தது. தென்னிந்தியர் நடத்திய ஓட்டல்கள் தாக்கப்பட்டன. ஒருவனை முதலில் கேலிப் பொருளாக்கிவிட்டால், பிறகு அவனை அடிக்கக் கை கூசுவதில்லை. 2008-இல் இதே நகரத்தில் ரயில்வே தேர்வு எழுத வந்த வடநாட்டு இளைஞர்கள் அடிபட்டதும் அப்படித்தான்.

நம் தாயகம் மட்டும் விதிவிலக்கா? அங்கே கட்டடம் கட்டுகிறவனையும் ஓட்டலில் தட்டு கழுவுகிறவனையும் 'வடக்கன்' என்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே நாம் 'மதராசி' என்ற சொல்லைக் கேட்டபோது பட்ட வேதனைதானே அவர்களுக்கும்? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைப்பேசிகளில் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. செய்தி பொய் என்று தெரிந்தது. அதற்குள் பலர் பயந்து ரயிலேறிவிட்டார்கள். ரயிலேறியவன் கூலியை இழந்தான். பொய்யைப் பரப்பியவன் எதை இழந்தான்?

நாட்டின் மிக உயர்ந்த மன்றத்திலும் நிலைமை இதுதான். 2023 செப்டம்பர் 21 அன்று மக்களவையில் சந்திரயான் வெற்றியைப் பற்றி விவாதம் நடந்தது. அந்த விவாதத்திலேயே ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரை மதத்தைச் சுட்டி ஏசினார். அவைக்குறிப்பிலிருந்து அந்தச் சொற்களை நீக்கினார்கள். கேட்டவர் மனதிலிருந்து நீக்க முடியுமா?

பழைய காலம் முழுவதும் பொற்காலம் என்று நாம் சொல்லவரவில்லை. 1989 மார்ச் 25 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே கைகலப்பு நடந்தது. ஆபாசப் பேச்சுக்குக் கைதட்டியவர்கள் அன்றும் உண்டு. ஆயினும் வேறொரு வழியும் அந்த நாளில் இருந்தது.

1938-இல் ராஜாஜியின் ஆட்சியில், கட்டாய இந்தியை எதிர்த்த பெரியார் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் ஊர் ஊராக எதிர்த்தார். அந்த எதிர்ப்பில் கடுகளவும் தளர்ச்சி இல்லை. ஆனால் 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தபோது, 93 வயதான பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர்விட்டு அழுதார். அதனால் அவருடைய கொள்கை கரைந்துபோயிற்றா? இல்லையே! கொள்கையில் உறுதி உள்ளவன் பகைவனுக்காக அழவும் தயங்கமாட்டான். சொல்வதற்குக் கொள்கை இல்லாதவனுக்குத்தான் வசவு தேவைப்படுகிறது.

தோழர்களே, தலைவர்கள் திருந்தட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டாம். நம் மேடையிலிருந்தே தொடங்குவோம். எதிர்க்கட்சியின் செயலைக் கணக்கோடும் ஆதாரத்தோடும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கண்டிப்போம். ஆனால் ஒருவருடைய சாதியை, மதத்தை, நிறத்தை, தாயை, மனைவியை இழுத்துப் பேசுகிறவர் எந்தக் கட்சிக்காரரானாலும், நம் கட்சிக்காரரே ஆனாலும், அவருக்குக் கைதட்ட மாட்டோம். உண்மை தெரியாத படத்தை அடுத்தவருக்கு அனுப்ப மாட்டோம்.

இந்த ஊரில் ஒருவர் இறந்துபோனால், சடலத்தை ஊருக்கு அனுப்ப வீடு வீடாகப் பணம் திரட்டுகிறோம். அப்போது அவர் எந்தக் கொடி பிடித்தார் என்று நாம் கேட்பதில்லை. சாவில் காட்டும் அந்த இரக்கத்தை, உயிரோடிருக்கும்போதே வாதத்திலும் காட்டுவோம். இந்தப் பந்தலில் எந்தக் கட்சிக்காரரும் தன் மனைவி மக்களோடு வந்து உட்கார்ந்து, தன்னை எதிர்த்துப் பேசுவதைத் தலைகுனியாமல் கேட்க முடிய வேண்டும். அப்படி ஒரு மேடையை நாம் நடத்திக் காட்டுவோம்.