அச்சுப் பழுதுக்கு ஏற்ற கருவி
(தோட்டப் பட்டறைப் பணியாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டங்களில் பாலையும் உரத்தையும் ஆட்களையும் சுமந்து ஓடும் டிராக்டரைப் பற்றி இன்று சிறிது நேரம் பேச விரும்புகிறோம். காலையில் சேர்த்த பால் சில மணி நேரத்தில் ஆலையைச் சேராவிடில் உறையத் தொடங்கிவிடும். ஆகவே, டிராக்டர் நின்றால் நம் உழைப்பும் வீணாகிறது. ஆனால், அது ஓடாமல் நிற்பதைவிட அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. நிற்க வேண்டிய இடத்தில் அது நில்லாமற் போவதே அது.

மாஸி பெர்குசன் 135 போன்ற பழைய டிராக்டர்களில், பின் அச்சின் இரு முனைகளிலும் பிரேக் டிரம்கள் உள்ளன. அச்சுக்குள் இருக்கும் எண்ணெயை டிரம்முக்குள் வாராமல் தடுப்பது ஒரு சிறிய ரப்பர் சீல். அது தேய்ந்தால் எண்ணெய் கசிந்து பிரேக்கில் படும். எண்ணெய் பட்ட பிரேக் மேட்டுச் சரிவில் பிடிக்காது. பின்னால் இழுவண்டியில் அமர்ந்திருப்போர் நம் உற்றாரும் உறவினருமே அல்லவா? சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிவதைக் கண்டவுடன் டிராக்டரை நிறுத்த வேண்டும்.

இந்தச் சீலின் விலை சிறிது. அதை மாற்றும் வேலை பெரிது. அச்சை வெளியே இழுத்து, அதில் இறுகியிருக்கும் பேரிங்கையும் கழற்ற வேண்டும். அதற்குரிய தனிக்கருவி எல்லாப் பட்டறைகளிலும் இருப்பதில்லை. அப்போது கை தானாகவே சுத்தியலையும் உளியையும் நாடுகிறது. முன்னர் நாம் பணியாற்றிய ஒரு பட்டறையில், நண்பர் ஒருவர் பேரிங்கைச் சுத்தியலால் அடித்தார். கடினப்படுத்தப்பட்ட எஃகு வளையாது, உடைந்து தெறிக்கும். ஒரு சில்லு அவர் கண்ணுக்கு மேல், புருவத்தில் பாய்ந்தது. ஒரு விரற்கடை கீழே பாய்ந்திருந்தால் பார்வை போயிருக்கும். அன்று முதல், கருவி இல்லாமல் அச்சைத் தொடுவதில்லை என்று நாம் முடிவு செய்தோம்.

அக்கருவிகளுள் மூன்றை நம் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்.

முதலாவது, பேரிங்கை இழுக்கும் புல்லர். 20 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டை இரண்டாக அறுத்து, பேரிங்கின் உள்வளையத்திற்குப் பின்னால் பொருந்துமாறு வளைவாகக் குடைய வேண்டும். முன்னால் ஒரு குறுக்குச் சட்டம். இரண்டையும் இரு நீண்ட போல்ட்டுகள் இணைக்கும். நடுவிலுள்ள திருகு அச்சின் முனையை அழுத்த, பேரிங் மெல்ல வெளியே வரும். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் நல்ல பேரிங்கும் கெட்டுவிடும். போல்ட்டின் தலையில் உள்ள எண்ணையும் பார்க்க வேண்டும். 16 மி.மீ. போல்ட்டில் 8.8 என்றிருந்தால், அது அறுவதற்கு ஏறக்குறைய 12 டன் இழுவிசை வேண்டும். 4.6 என்றிருந்தால் 6 டன்னிலேயே அறுந்துவிடும். எதுவாயினும் அந்த அளவில் பாதிக்கும் குறைவாகவே நம்ப வேண்டும். இழுக்கும்போது கனமான சாக்கால் மூடுவதும், கண்ணாடி அணிவதும் கட்டாயம்.

இரண்டாவது, பள்ளம் வெட்டிய வட்ட நட்டைக் கழற்றும் குழாய்ச் சாவி. நட்டின் அளவுக்கேற்ற கனமான இரும்புக் குழாயின் ஒரு முனையில், நட்டின் பள்ளங்களுக்குப் பொருந்தும் பற்களை விட்டு மற்றதை அறுத்துவிட வேண்டும். மறுமுனையில் குறுக்குக் கம்பி நுழையத் துளையிட வேண்டும். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 30 கிலோ விசை கொடுப்பது, அரை மீட்டர் கம்பியில் 60 கிலோ கொடுப்பதற்குச் சமம். வலிமையைவிட நீளமே நமக்குத் துணை.

மூன்றாவது, சீலை உட்செலுத்தும் குழாய். அதன் வெளிவிட்டம் சீலின் விட்டத்தைவிட ஒரு மி.மீ. குறைவாகவும், முனை சமதளமாகவும் இருத்தல் வேண்டும். சீலின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, அச்சின் கூரிய விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிய பிறகே நுழைக்க வேண்டும்.

புதிய பேரிங்கையும் அடித்து ஏற்றக் கூடாது. எண்ணெயில் தொங்கவிட்டுச் சூடேற்றினால் அது விரியும். துளை 50 மி.மீ. என்றால், வெப்பம் 80 பாகை கூடும்போது ஏறக்குறைய 0.05 மி.மீ. விரிகிறது. அந்த மயிரிழையே போதும். பேரிங் எளிதில் ஏறிவிடும். 120 பாகையைத் தாண்டலாகாது. எண்ணெயைத் திறந்த நெருப்பில் வைக்காமல் மின் அடுப்பில் வைத்து, மூடியை அருகில் வைத்திருக்க வேண்டும். இருபுறமும் அடைத்துக் கிரீஸ் இட்டு வரும் பேரிங்கை இவ்வாறு சூடேற்றக் கூடாது.

நாமே செய்யக் கூடாதவையும் உண்டு. டிராக்டரைத் தாங்கும் முட்டை ஒட்டுத் துண்டுகளைக் கொண்டு செய்யக் கூடாது. எடை குறித்த நல்ல முட்டுகளையே கேட்டுப் பெற வேண்டும். ஜாக் தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு அன்று. பின் டயரில் நீர் நிரப்பியிருந்தால் அந்நீரே நூறு கிலோவைத் தாண்டலாம். அதனைத் தனியொருவர் கழற்றலாகாது. நம் புல்லருக்கும் அசையாத இறுக்கமான வளையத்தை, நீரழுத்த இயந்திரமுள்ள பட்டறைக்கு அனுப்புவதே அறிவுடைமை. அது தோல்வியன்று.

1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான கருவிகளுக்கு வகை செய்யும் கடமையை முதலாளியின் மீது வைத்துள்ளது. தம்மையும் பிறரையும் காத்துக்கொள்ளும் கடமையைத் தொழிலாளியின் மீது வைத்துள்ளது. எனவே, இரும்புக்கும் போல்ட்டுக்கும் கண்ணாடிக்கும் நிருவாகத்திடம் கேட்பது சலுகையன்று.

செய்த கருவியில் எந்த டிராக்டருக்கு உரியதென்று பொறித்து, எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டி வைப்போம். நமக்குப் பின் வரும் இளைஞர் அதனை எடுக்கும்போது, சுத்தியலை நாடாமல் கருவியை நாடுவார். அவர் கண்ணும் கையும் நலமாக இருக்கும். சரிவில் இறங்கும் இழுவண்டியும் நலமாக வீடு சேரும்.