ஞானப்பல்லும் நீர்ப்பையும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோவில்லாத இடத்தில் நோயும் இல்லையென்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானதென்பதற்கு ஞானப்பல்லைச் சுற்றி உண்டாகும் நீர்ப்பையே தக்க சான்றாகும்.

ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதிற்குள் முளைப்பது. தாடையில் இடம் போதாவிடில் அது எலும்பினுள்ளேயே சாய்ந்து கிடந்துவிடும். முளையாத பல்லின் தலையை மெல்லிய உறையொன்று மூடியிருக்கும். சிலருக்கு அவ்வுறைக்கும் பல்லுக்கும் இடையே நீர் கோத்துக்கொள்ளும். அந்நீர் சுற்றிலுமுள்ள நீரையும் உள்ளிழுக்க, பை பருத்து, எலும்பை மெல்ல மெல்லக் கரைக்கும். எக்ஸ்ரே படத்தில் பல்லின் தலையைச் சூழ்ந்த கருநிழல் 3, 4 மில்லிமீட்டர் அகலத்திற்குட்பட்டிருத்தல் இயல்பு. 5-ஐக் கடந்தால் ஐயுறவேண்டும். வருஷங்கள் செல்லச்செல்ல அப்பை பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கும். ஞானப்பல்லையே தாடையின் அடிவிளிம்புக்குத் தள்ளும். மிகச் சிலருக்குத் தாடையே முறிவதுமுண்டு. அதுகாறும் நோவு தோன்றாதிருத்தலுங் கூடும்.

சிறிய பையைப் பல்லோடு எடுத்துவிடலாம். பெரியதாயின், 1892-ல் கார்ல் பார்ட்ச் என்னும் ஜெர்மானிய வைத்தியர் எடுத்துரைத்தபடி, வாய்ப்புறமாகத் திறப்புச்செய்து அழுத்தத்தைத் தணித்தால், பை சுருங்கி எலும்பு மீண்டும் வளரும்.

முளையாத பல்லனைத்திலும் பை உண்டாவதில்லை, ஆதலின் திகைக்கவேண்டுவதில்லை. பல்லைப் பிடுங்கினால் கண் கெடுமென்னும் வீண்பயமும் நமக்கு வேண்டாம். 25 வயதாகியும் ஞானப்பல் காணாத மக்களை, நோவு வரும்வரை காத்திராமல், பல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டிப் படமெடுத்தறிவது பெற்றோர் கடமையென்று கூறி அமைகின்றோம்.