கட்டிலின் ஓரம்

 

ஸ்கேன் மருத்துவர்களான நாம் கூடும்போதெல்லாம் கருவின் இதயத்தைப் பற்றிப் பேசுவோம். கல்லீரல் கட்டியைப் பற்றிப் பேசுவோம். ஸ்கேன் புரோபுக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் எப்போதும் நம் பேச்சு. இந்தப் பக்கம் அதைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி இன்று நாள் முழுக்கப் பேசப்போகிறோம்.

என் கையிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்கேன் பணிக்கு வந்து பதினாலாவது ஆண்டு. ஒரு நாள் காலை தலை பின்ன வலது கையைத் தூக்கினேன். காது வரைக்கும் போன கை அதற்கு மேல் எழவில்லை. மகள்தான் பின்னிவிட்டாள். அன்றும் வேலைக்குப் போனேன், மாலை வரை ஸ்கேன் செய்தேன். வேலை நேரத்தில் வலி அவ்வளவாகத் தெரியாது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்தால்தான் தூக்கத்தைக் கலைக்கும். சில மாதம் கழித்துச் சக மருத்துவர் ஒருவர் என் தோளில் புரோபை வைத்துப் பார்த்தார். தோளுக்கு மேலே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாரில் பாதிக் கிழிசல். எத்தனையோ பேருக்கு நான் எழுதிக் கொடுத்த அதே வரியை எனக்கு அவர் எழுதிக் கொடுத்தார். நான் வேலை பார்த்த இடத்தில் உயரம் மாற்றக்கூடிய கட்டில் கேட்டேன். “வயசாகுதில்லையா டாக்டர், வீட்டு வேலையும் சேர்ந்திருக்கும்” என்றார்கள். அதை நானும் நம்பினேன். இன்று நினைத்தாலும் மனம் வருந்துவது அதற்காகத்தான்.

வயதுதான் காரணமா? நம் ஸ்கேன் அறையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உயரம் மாறாத இரும்புக் கட்டில், பக்கத்தில் ஏறுவதற்கு ஒரு படி ஸ்டூல். அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு வந்த பெண் மெதுவாக ஏறிப் படுக்கிறார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சுவரோரமாக ஒதுங்கிக்கொள்கிறார். நாம் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். அவர் ஒரு சாண் தள்ளிப் படுத்தால் நம் முழங்கை அந்த ஒரு சாணும் விலாவை விட்டு விலகியாக வேண்டும். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். இதயத்தின் நாலு அறையும் தெரிய வேண்டும். வயிற்றுக் கொழுப்பு கூடுதலானால் அழுத்தவும் வேண்டும். வலது கை அந்தரத்தில் நிற்கிறது. இடது கை பொத்தான்களைத் தேடுகிறது. கழுத்து திரையை நோக்கித் திரும்பியே இருக்கிறது. அரை மணி நேரம் இப்படி. அடுத்தவர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்.

ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ. தொங்கவிட்டால் அது பாரமே அல்ல. பக்கவாட்டில் தூக்கி அசையாமல் வைத்திருந்தால் முழுப் பாரமும் தோளின் மேல். சுருங்கியே நிற்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும். அதோடு தசைநார் மேலே உள்ள எலும்புக்கும் கீழே உள்ள பந்துமூட்டுக்கும் நடுவில் நசுங்கும். நசுங்குகிற அந்த இடத்தில் ரத்த ஓட்டம் இயல்பாகவே குறைவு. கை 75 பாகை விலகியிருப்பதை 30 பாகையாகக் குறைத்தால் தோள்தசையின் உழைப்பு ஏறத்தாழப் பாதியாகிறது என்று தசை மின்னலைப் பதிவு ஆய்வுகள் காட்டின. முன்கைக்குக் கீழே ஒரு தாங்கல் கொடுத்தால் இன்னும் குறைகிறது. இத்தனைக்கும் அந்தத் தாங்கல், துண்டைச் சுருட்டி வைத்ததாக இருந்தாலே போதும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அல்ல. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் தோழர்களும் ‘லான்செட்’ இதழில் வயிற்று ஸ்கேன் படங்களை வெளியிட்டது 1958இல். 1985இலேயே அமெரிக்காவில் மார்வீன் கிரெய்க், இந்தத் தொழிலே உடல்நலக் கேடா என்று கேட்டு எழுதிவிட்டார். 2003இல் அங்கே தடுப்புக்கான தொழில் தரங்களை வகுத்தார்கள், 2017இல் புதுப்பித்தார்கள். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பதில் சொன்ன சோனோகிராஃபர்களில், அதாவது ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பர்களில், 90 விழுக்காட்டினர் வலியோடு ஸ்கேன் செய்வதாகச் சொன்னார்கள். இடைப்பட்ட காலத்தில் கருவிகள் எவ்வளவோ முன்னேறின. ஆனால் படத்தை ஃபிலிமில் எடுத்துப் பத்திரப்படுத்த எழுந்து நடந்த அந்த இரண்டு நிமிடமும் கணினி வந்ததும் போய்விட்டது. யாரும் ஓய்வு என்று பெயர் வைக்காத ஓய்வு அது.

நம் நாட்டில் இன்னொரு சங்கதி உண்டு. மேலை நாடுகள் சிலவற்றில் புரோபைப் பிடிப்பவர் பெரும்பாலும் சோனோகிராஃபர். படத்தைப் பார்த்து அறிக்கை தருபவர் மருத்துவர். இங்கே கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யத் தகுதியும் பதிவும் பெற்ற மருத்துவரே வேண்டும். பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் அது; ஓர் எழுத்தும் தளரக் கூடாது என்பதுதான் என் நிலை. ஆனால் அதன் விளைவை நாம் எண்ணிப் பார்த்தாக வேண்டும். ஸ்கேன் செய்வதும் நாமே, அறிக்கை தருவதும் நாமே, அச்சட்டம் கேட்கும் ஃபார்ம் எஃப்-இல் கையெழுத்துப் போடுவதும் நாமே. கை வலித்தால் புரோபை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை.

அடுத்த அறை எக்ஸ்ரே அறை. அங்கே ஈயக் கவசம் தொங்குகிறது, ஊழியர் சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது அளவீட்டுக்குப் போகிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேள்வி கேட்கும். நம் அறையில் கதிர்வீச்சு இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று எல்லோரும் இருந்துவிட்டோம். ஆய்வுக்கு வரும் அதிகாரி பதிவேட்டைப் பார்க்கிறார், சுவரில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பார்க்கிறார். நாற்காலியை யாரும் பார்ப்பதில்லை. தோளுக்கு பேட்ஜ் கிடையாது.

ஆகவே என் கோரிக்கை தனிப்பட்ட மருத்துவர்களுக்கு அல்ல. யோகா செய்யுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள் என்ற அறிவுரையை நிறையவே கேட்டுவிட்டோம். அதோடு நின்றால் பழி நம் முதுகின் மேலேயே விழும். புது ஸ்கேன் கருவி வாங்கும்போது அந்த விலைப்பட்டியலிலேயே உயரம் மாறும் கட்டிலும் நாற்காலியும் சேரட்டும். ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை ஸ்கேன், அதில் எத்தனை அஞ்சாம் மாச ஸ்கேன் என்பதைத் துறைத்தலைவர் முன்கூட்டியே வகுக்கட்டும். கர்ப்பிணி, தைராய்டு, கால் டாப்ளர் என்று மாற்றி மாற்றி அனுப்பினால் ஒரே தசை நாள் முழுக்கச் சுமக்காது. பட்டமேற்படிப்பு மாணவருக்கு முதல் வாரத்திலேயே புரோபை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுங்கள்: விரல்நுனியால் கிள்ளிப் பிடிக்காமல் உள்ளங்கை சேர, மணிக்கட்டு வளையாமல். ஜெல் வழிந்த கைப்பிடி வழுக்கும், வழுக்கினால் விரல் இறுகும். அதைத் துடைக்கும் பழக்கமும் பாடம்தான். ஒயரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பழக்கத்தையும் அப்போதே தடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வலி என்று சொல்பவரின் சொல்லைத் தேதியிட்டு எழுதி வைக்க ஒரு பதிவேடு வேண்டும். எழுத்தில் இல்லாத வலியை எந்த நிர்வாகமும் எண்ணிக்கையில் சேர்க்காது.

“இந்தப் பக்கம் நகர்ந்து வாங்கம்மா, நான் இருக்கேன், விழமாட்டீங்க.” இப்போதெல்லாம் புரோபை எடுப்பதற்கு முன் இதைத்தான் சொல்கிறேன். அவர் ஓரத்துக்கு வருகிறார், என் முழங்கை விலாவோடு சேர்கிறது. ஐந்து நொடிகூட ஆவதில்லை.

இந்த அரங்கின் பின்பக்கம் ஒரு கட்டிலும் கருவியும் போட்டிருக்கிறோம். முதல் அமர்வு அங்கேதான். ஒவ்வொருவராக வந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் விதத்திலேயே உட்காருங்கள். உங்கள் கை எத்தனை பாகை விலகுகிறது என்று இரண்டு இளம் மருத்துவர்கள் அளந்து சொல்வார்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.