சிகிச்சைக் காலத்தில் நமக்குத் துணை யார்?

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கைகால் ஓடுவதில்லை. அதன்பின் மருத்துவர் கூறுவது பாதி காதில் விழுவதில்லை. மீண்டும் கேட்டால் அவருக்குத் தொல்லையாகுமோ எனத் தயங்கி, மனத்திலுள்ளதைச் சொல்லாமலே வீடு திரும்புகிறோம். நமக்காக உழைப்பவர் அவர் ஒருவர் மட்டுமா? இல்லை, ஒரு குழுவே இருக்கிறது.

கட்டியை அகற்றுபவர் அறுவை மருத்துவர். மருந்தாலும் கதிர்வீச்சாலும் சிகிச்சை தருவோர் தனித்தனி வல்லுநர்கள். அன்றாடம் நம் அருகில் இருப்பவர் தாதி. வாய்ப்புண், வாந்தி, தூக்கமின்மை எதுவானாலும் அவரிடம் கூறலாம். கீமோதெரபி பெறும் காலத்தில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், பனடோல் விழுங்கிவிட்டு விடியட்டும் எனக் காத்திருக்கலாகாது. அப்போது வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். சிறு தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

உறவினர் அன்போடு கொண்டுவரும் நாட்டு மருந்தை நாம் மறைக்கிறோம். சில மூலிகைகள் சிகிச்சை மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். சில அதன் நச்சை மிகுதிப்படுத்தும். ஆகவே மருந்தாளரிடம் ஒளிவு வேண்டாம். சோறு இறங்கவில்லை என்றால், இட்லியா, கஞ்சியா, எதை எவ்வளவு உண்ணலாம் என்று உணவியல் வல்லுநர் சொல்வார்.

அடுத்தது பணம். செலவை எண்ணிச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவோரும் உண்டு. அப்படி நிறுத்துமுன் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்ப்போம். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு கிடைக்கும், அதற்கு மேலும் இயலாத குடிமக்கள் மெடிஃபண்ட் உதவி கோரலாமா என்பதை அவர் விளக்குவார். மருத்துவமனைக்கு வெளியே, 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும் நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் துணை நிற்கிறது.

வலியைக் குறைக்கும் நோய்த்தணிப்பு மருத்துவர் வந்தால், 'எல்லாம் முடிந்தது' என்று கலங்க வேண்டியதில்லை. சிகிச்சை நடக்கும்போதே அவர் உதவி கிடைக்கும்.

நேயர்களே, அடுத்த முறை செல்லும்போது ஐயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். வீட்டாரில் ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். ஆங்கிலம் புரியவில்லை என்றால் தமிழில் சொல்லக்கூடியவர் உண்டா என்று கூச்சமின்றிக் கேட்போம். எத்தனை பேர் துணை இருந்தாலும், நாம் வாய் திறந்தால்தான் நம் துன்பம் அவர்களுக்குத் தெரியும்.