மர்ஹூம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்: குடும்பம் வளர்த்த பொறியாளர்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



டாக்டர் கலாம் அவர்களைப் பற்றிப் பேசாத மேடை இன்று தமிழகத்திலும் இல்லை, நமது புதுவையிலும் இல்லை. ஏவுகணை, அணுகுண்டுச் சோதனை, கனவு காணுங்கள் என்ற அறைகூவல் ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்புவிப்பார்கள். அவற்றை நாம் இங்கே மீண்டும் அடுக்கப்போவதில்லை. அன்னார் எத்தகைய மகன், எத்தகைய தம்பி என்பதையே சிறிது நினைவுகூர விரும்புகிறோம். மணம் முடிக்காதவரைக் குடும்பத்தலைவர் என்று எப்படிச் சொல்வது எனச் சிலர் கேட்கக்கூடும். மனைவி மக்களோடு ஒரே கூரையின்கீழ் இருந்தும் வீட்டாரின் முகம் பார்க்காதவர்கள் உண்டு; தனியே வாழ்ந்தும் குடும்பத்தின் கடனை ஒருநாளும் மறவாதவர்களும் உண்டு. இவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

1931 அக்டோபர் 15-இல் இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் அன்னார் பிறந்தார். தகப்பனார் ஜைனுலாப்தீன் அவர்கள் படகு உரிமையாளர். அவ்வூர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். மாலைத் தொழுகை முடித்து அவர் வெளியே வரும்போது, பிற சமயத்தாரும் கிண்ணங்களில் நீர் ஏந்தி, அவர் ஓதித் தருவதற்காகக் காத்து நிற்பார்களாம். இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல அவர் கடற்கரையில் மரப்படகு கட்டியபோது, கலாம் ஆறு வயதுச் சிறுவர். உடனிருந்து உதவியவர் உறவினர் அகமது ஜலாலுத்தீன். மரம் வளைக்கப்பட்டுப் படகு உருப்பெறுவதை அச்சிறுவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறியியலில் அன்னாருக்குக் கிடைத்த முதல் பாடம் அதுவென்றே நாம் கருதுகிறோம். பின்னொரு காலத்தில் புயல் அப்படகைக் கொண்டுபோயிற்று.

இரண்டாம் உலகப்போரின்போது இராமேசுவரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து எறியப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை, உறவினர் சம்சுத்தீன் அவர்களுக்காகச் சிறுவர் கலாம் செய்தார். அன்னாரின் முதல் வருமானம் அதுதான். அக்காலத்தில் உணவுப் பங்கீடும் இருந்தது. ஒருநாள் தாயார் ஆஷியம்மா இட இட, இவர் சப்பாத்தியை உண்டுகொண்டே இருந்தார். பின்னர் மூத்த சகோதரர் தனியே அழைத்து, தாயார் தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் தம் பங்கையும் இவருக்கே இட்டுவிட்டதைச் சொன்னார். குடியரசுத் தலைவரான பிறகும் மேடைகளில் இதனைச் சொல்ல அன்னார் தயங்கியதில்லை.

1954-ஆம் ஆண்டை நம் ஊரார் மறக்க மாட்டார்கள். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மார்ச் மாத இறுதியில் நமது நெட்டப்பாக்கத்தில் இந்திய தேசியக் கொடி ஏற்றப்பட்ட ஆண்டு அது. அதே ஆண்டில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ஓர் இளைஞர் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, விமானப் பொறியியல் கற்க வழி தேடி நின்றார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. ஆனால் சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது; தகப்பனாரிடம் அத்தொகை இல்லை. அப்பொழுது தமக்கையார் ஜொஹரா அவர்கள் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் கழற்றி அடகு வைத்தார்.

ஜமாஅத்தார்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். நம் வீடுகளிலும் பிள்ளைகளின் பொறியியல் படிப்பிற்காகவும் வளைகுடாப் பயணத்திற்காகவும் பெண்மக்களின் நகைகள் அடகுக்கடைக்குப் போகின்றன. போன நகைகள் எல்லாம் திரும்பி வந்தனவா என்பதை அவரவர் வீட்டில்தான் கேட்க வேண்டும். கலாம் அவர்கள் அந்த வளையல்களைத் தம் சொந்த உழைப்பால் மீட்பதென உறுதி பூண்டார். கல்வி உதவித்தொகை பெறுவதே அன்று அவருக்கு இருந்த ஒரே வழி. பின்னர் விமான வடிவமைப்புப் பணி ஒன்றில் முன்னேற்றம் போதாதெனப் பேராசிரியர் ஸ்ரீனிவாசன் அவர்கள் கடிந்து, மூன்று நாளில் முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றபோது, இவர் இரவு உணவையும் விட்டு வரைபலகையின் முன் அமர்ந்தார். அந்த விழிப்பிற்குப் பின்னால் தமக்கையாரின் வெறுங்கைகள் இருந்தன என்று நாம் எண்ணுகிறோம்.

அன்னாரின் அலுவல் வாழ்வை விரைந்து கடந்துவிடலாம். 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18-இல் வென்றது. அப்பணி வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேதான் மைத்துனர் ஜலாலுத்தீன் மறைந்தார். செய்தி கேட்டதும் இரவு முழுதும் பேருந்துகளில் பயணம் செய்து கலாம் இராமேசுவரம் சேர்ந்தார். 1976-இல் தகப்பனாரும், பின்னர்த் தாயாரும் இறையடி சேர்ந்தனர். ஏவுகணைக்கெனச் செய்த இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு, கால் ஊனமுற்ற சிறுவர்களுக்கு மூன்று கிலோவுக்கு மேல் கனத்த காலணைக் கருவியை ஏறத்தாழ 300 கிராமாகக் குறைத்துக் கொடுத்ததையே தமது பேரின்பம் என்று அன்னார் சொல்வார். எங்கள் பார்வையில் ஏவுகணைகளைவிட அது ஒரு படி மேல்.

இனி, நிருவாகப் பொறுப்பில் உள்ள நாம் அனைவரும் கருத வேண்டிய செய்திக்கு வருவோம். நாடு விடுதலை பெற்ற சமயம் தகப்பனார் ஊராட்சி மன்றத் தலைவரானார். அவர் தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில் ஒருவர் வந்து விலையுயர்ந்த துணியும் வெள்ளிப் பொருளும் பழங்களும் வைத்துச் சென்றார். மகன் தடுக்கவில்லை. திரும்பி வந்த தகப்பனார் சினந்து மகனை அடித்தார். பின்னர் அருகில் அமர்த்தி, பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் தமக்குரியதற்கு மேல் பெறுவது ஆகுமானதன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 2006 மே மாதம், குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அன்னாரின் உறவினர் 52 பேர் வந்து சில நாட்கள் தங்கினர். தொண்ணூறு வயதுத் தமையனாரும் இருந்தார், கைக்குழந்தையும் இருந்தது. அஜ்மீருக்கும் சென்று வந்தனர். அரசு வாகனம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. அறை வாடகை முதல் தேநீர் வரை கணக்கெடுக்கச் சொல்லி, 3,52,000 ரூபாயைத் தம் சொந்தப் பணத்திலிருந்து அன்னார் செலுத்தினார். இதனைச் செயலாளராயிருந்த பி.எம். நாயர் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யாரும் கேட்காத கணக்கு அது. 2002-ஆம் ஆண்டு ரமழானில் மாளிகையின் இஃப்தார் விருந்தை நிறுத்தி, அத்தொகையை அநாதை இல்லங்களுக்கு உணவுப் பொருளாகவும் போர்வையாகவும் அனுப்பச் செய்ததோடு, தம் பங்காக ஒரு இலட்சம் ரூபாயும் சேர்த்தார் என்பதையும் அவரே தெரிவிக்கிறார்.

உறவினரை வரவேற்காமல் இருந்திருந்தால் செலவே இல்லை. அரசுச் செலவில் வரவேற்றிருந்தாலும் கேள்வி கேட்பார் இல்லை. உறவையும் முறிக்காமல், அமானிதத்தையும் தொடாமல் நடந்ததே கடினமான வழி. வக்ஃபு நிலத்தின் குத்தகையும், பள்ளிவாசல் உண்டியலும், நிக்காஹ் பதிவுக் கட்டணமும் கையாளுகின்ற நமக்கு இது தொலைவான கதையன்று. மார்க்க நடைமுறையில் அன்னார் குறித்து நம்மவர்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு என்பதை அறிவோம். அதனைத் தீர்ப்பவன் அல்லாஹ், நாம் அல்லோம்.

அரசின் அறிவியல் ஆலோசகர் பொறுப்பிலிருந்து 2001-இல் ஓய்வு பெற்றதும் அண்ணா பல்கலைக்கழகத்திற்குக் கற்பிக்கச் சென்றார். 2007-இல் மாளிகையை விட்டு வந்ததும் மீண்டும் கற்பிக்கவே சென்றார். 2015 ஜூலை 27-இல் ஷில்லாங்கில் மாணவர்முன் உரையாற்றிக்கொண்டிருக்கையில் சாய்ந்து மறைந்தார். வயது 83. ஜூலை 30-இல் இராமேசுவரம் பேக்கரும்பில் நல்லடக்கம் நடைபெற்றது. நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த தமையனார் முத்து மீரான் மரைக்காயர், தம்பியின் ஜனாஸாவைக் காண நேர்ந்தது. அத்தமையனாரும் 2021 மார்ச்சில் 104-ஆம் வயதில் காலமானார்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அவ்விருவரின் பிழைகளையும் பொறுத்து, கப்ருகளை ஒளிமயமாக்குவானாக, ஆமீன். அடுத்து, நமது பொருளாளர் அவர்கள் இவ்வாண்டின் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்கள். வஸ்ஸலாம்.